கடலுக்கா, முகத்துக்கா?

உவரிக் கடற்கரையில் ஒரு கிழவி கேட்ட கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அவள் கேட்டது என்னிடமில்லை. என் பக்கத்தில் நின்ற ஒளிப்பதிவாள நண்பரிடம். ஆனாலும் கதை எழுதினவன் நான். கேள்வியில் பாதி எனக்கும் சேர்ந்ததுதான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் என் சிறுகதை ஒன்றைக் குறும்படமாக எடுக்க ஒரு இளைஞர் விரும்பினார். மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய், வள்ளங்கள் திரும்பும் நேரத்தில் தினமும் கரைக்கு வந்து நிற்கிறாள். நின்றுவிட்டு, அன்றைய மீனை ஏலத்தில் எடுத்துக்கொண்டு விற்கப் போகிறாள். இவ்வளவுதான் கதை. கையில் இருந்த பணத்துக்கு மூன்று நாள்தான் படப்பிடிப்பு. என் நண்பர் பெரிய படங்களில் வேலை செய்பவர், என் மேல் உள்ள பிரியத்தால் சம்பளம் வாங்காமல் வந்திருந்தார். நான் எதற்குப் போனேன் என்று கேட்டால், வேடிக்கை பார்க்கத்தான். எழுத்தாளனுக்குப் படப்பிடிப்பில் வேறு வேலை கிடையாது. காப்பி வரும்போது முதல் தம்ளர் அவனுக்குக் கிடைக்கும், அவ்வளவுதான் மரியாதை.

திருநெல்வேலியிலிருந்து திசையன்விளை வழியாக உவரிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாதை ஞாபகம் இருக்கும். செம்மண்ணும் பனையுமாகவே போய்க்கொண்டிருக்கும். சலித்துப்போகிற சமயத்தில் திடீரென்று நீலம் எதிரே வந்து நிற்கும். கரையோரம் கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயில். பல ஊர் ஜனங்களும் நேர்ச்சைக்கு வரும் அந்தோணியார் கோயில். சற்றுத் தள்ளி சுயம்புலிங்க சுவாமி கோயில். ‘ஆழி சூழ் உலகு’ எழுதிய ஜோ டி குருஸ் பிறந்த ஊர். 2004-ல் வந்த அந்த நாவலைப் படித்தவர்களுக்கு, இந்தக் கரையில் நிற்கிற எந்த முகத்தையும் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

நாங்கள் முதல் நாள் எடுக்க இருந்தது ஏலக் காட்சி. ஃபைபர் வள்ளங்கள் கரையேறி, வலையிலிருந்து மீன் உதிர்ந்து, மணலில் குவிந்து, விலை கூறி முடிந்ததும், ஒரு மூதாட்டி கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு காமிராவை நோக்கி நடந்துவர வேண்டும். அவளுக்குப் பின்னால் கடல். நடிகையாக யாரையும் அழைத்துவரவில்லை. அந்தக் கரையிலேயே மீன் விற்கும் எழுபது வயதுப் பாட்டி ஒருத்தியிடம் பேசி, அவளுடைய அன்றைய வியாபாரம் கெடாதபடி ஒரு தொகையும் கொடுத்து ஏற்பாடு செய்திருந்தார்கள். அவளும் பிரமாதமாக நடந்தாள். நடிக்கவே இல்லை; நேரமாகிறது என்ற அவசரத்தில் நடந்தாள். அதுதான் வேண்டியிருந்தது.

எடுத்து முடித்ததும் எல்லோரும் சின்னத் திரையைச் சுற்றிக் கூடினார்கள். பாட்டியும் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். கடல் உருக்கிய வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தது. அலை நுரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அதன் நடுவே கூடை சுமந்த ஒரு கறுத்த உருவம் அசைந்து அசைந்து வந்தது. “ஆகா!” என்றார் டைரக்டர். நானும் “ஆகா!” என்றேன். பாட்டி திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“கடலு நல்லாத்தான் இருக்கு. நான் எங்க தம்பி கெடக்கேன்?”

எல்லோரும் சிரித்தார்கள். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உவரியில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரை நிறுத்தினால் வெளிச்சமெல்லாம் அவர் முதுகில் விழும். முகம் நிழலில் இருக்கும். நம் கண்ணுக்கு அது ஒரு குறையே இல்லை. கண் கடலைப் பார்க்கும்போது சுருங்கிக்கொள்ளும், முகத்தைப் பார்க்கும்போது விரிந்துகொள்ளும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததாக நம்மை நம்பவைத்துவிடும். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. லென்ஸுக்குள் இருக்கும் துவாரத்தை ஒரு அளவுக்குத்தான் திறந்து வைக்க முடியும். கடலுக்கு ஏற்றபடி திறந்தால் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு ஏற்றபடி திறந்தால் கடல் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். அதிலும் முகம் கறுப்பாக இருந்துவிட்டால் இடைவெளி இன்னும் அதிகம். யாருக்காகத் திறப்பது என்பதைக் காமிராவின் பின்னால் நிற்கும் மனிதன் தீர்மானிக்க வேண்டும். அன்று காலை நண்பர் கடலுக்காகத் திறந்திருந்தார்.

“யோசித்துச் செய்யவில்லை சார்” என்றார் அன்று மாலை, மணலில் உட்கார்ந்திருக்கும்போது. “கை தானாகச் செய்துவிட்டது. இருபது வருஷப் பழக்கம்.”

நிழலுருவங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு அவை மிகவும் பிடிக்கும் என்று சொன்னேன். அஸ்தமன வானம், அதன் குறுக்கே துடுப்புப் போடும் ஒரு கறுப்பு மனிதன். எத்தனை காலண்டரில் பார்த்து ரசித்திருப்போம்! நண்பர் சிரித்தார். “பிடிக்காமல் என்ன? எடுக்கிறவனுக்கும் பிடிக்கும். லைட் வேண்டாம், ஆள் வேண்டாம், செலவில்லை. பரிசுகூடக் கிடைக்கும். ஆனால் யாரை அப்படி எடுக்கிறோம் என்று பாருங்கள். மீன் பிடிக்கிறவன், நாற்று நடுகிறவள், செங்கல் சுமக்கிறவள். கதாநாயகியை ஒரு பாட்டு முழுக்க நிழலாகவே எடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட முடியுமா?”

அதற்காக இருட்டு என்றாலே பாவம் என்று அவர் சொல்லவில்லை. 1987-ல் வந்த ‘நாயக’னில் பி.சி. ஸ்ரீராம் முகங்களைப் பாதி இருட்டில் விட்டதை அவர் பரவசத்தோடு பேசுவார். அந்த இருட்டு அந்தப் பாத்திரத்துக்கென்று யோசித்துக் கொடுத்த இருட்டு. உவரிப் பாட்டியின் முகத்தில் விழுந்தது அப்படி யாரும் கொடுத்ததில்லை, கவனிக்காமல் விட்டது. இரண்டும் திரையில் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

அவர் சொல்லித்தான் பல சங்கதிகள் எனக்குத் தெரிய வந்தன. ஆரம்ப காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு நிறம் கண்ணில் படாதாம். நீலத்தை வெள்ளையாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் அது பதிவு செய்யும். வெள்ளைக்காரர்களே உதடு கறுத்துத் தெரிகிறதென்று முகத்தில் எதையெதையோ பூசிக்கொண்டு நடித்தார்கள். சிவப்புக் கலந்த பழுப்புத் தோல் உள்ளவர்களின் கதி என்னவாகும்? 1923-ல் ராபர்ட் பிளாஹர்டி சமோவா தீவுக்குப் போய்ப் படம் பிடித்தபோது அந்த ஜனங்களின் அழகான மேனி முழுவதும் கறுத்த திட்டாக வந்தது. எல்லா நிறங்களையும் உணரக்கூடிய ‘பான்குரோமாடிக்’ பிலிம் அப்போதே இருந்தது. ஆனால் சினிமாக்காரர்கள் அதைப் பெரும்பாலும் மேகம் எடுக்கத்தான் உபயோகித்தார்கள்! வானத்து மேகம் நன்றாக விழ வேண்டும் என்று கவலைப்பட்டவர்களுக்கு மனிதன் நன்றாக விழ வேண்டும் என்று தோன்றவில்லை. பிளாஹர்டி அந்தப் பிலிமை முகங்களுக்குப் பயன்படுத்தினார். 1926-ல் ‘மோவானா’ வெளிவந்தது. சில வருஷங்களில் உலகமே அந்தப் பிலிமுக்கு மாறிவிட்டது.

வண்ணப் பிலிம் வந்த பிறகும் கதை முடியவில்லை. நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க லாபரட்டரிகளுக்கு கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் பெயரால் அந்த அட்டைக்கே ‘ஷர்லி’ என்று பெயர். அவள் சரியாக வந்துவிட்டால் உலகத்தில் எல்லோரும் சரியாக வந்துவிட்டதாகக் கணக்கு. பழுப்பு நிறத்தின் நுட்ப பேதங்கள் சரியாக விழவில்லை என்று கம்பெனியின் காதில் ஏறும்படி புகார் செய்தவர்கள் யார் என்கிறீர்கள்? சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும். பால் சாக்லேட்டும் கறுப்புச் சாக்லேட்டும் படத்தில் ஒன்றுபோல இருந்தால் வியாபாரம் என்ன ஆவது? தேக்குக்கும் ஈட்டிக்கும் கிடைத்த நியாயம் மனிதத் தோலுக்கு அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது நின்றுவிட்டது.

நாம் மட்டும் என்ன செய்தோம்? பிலிமை மாற்ற நமக்குச் சக்தியில்லை, முகத்தை மாற்றினோம். 1964-ல் வண்ணத்தில் வந்த ‘படகோட்டி’யில் எம்.ஜி.ஆர். மீனவராக வருகிறார். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை, இனியும் பார்ப்பேன். ஆனால் உப்புக் காற்றில் ஒரு நாள்கூட நிற்காத ரோஜா நிறம் அது. அதற்கு அடுத்த வருஷம், 1965-ல், தகழியின் ‘செம்மீன்’ படமாயிற்று. ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. ‘மாயா பஜாரி’ல் ஸ்டூடியோ வித்தையால் நிலா வெளிச்சத்தைப் பொழிய வைத்தாரே, அதே மனிதர். அவர் பிடித்த கடலை யாரும் மறக்க முடியாது. அந்தப் படத்தில்கூடக் கறுத்தம்மா என்று பேர் வைத்தவளின் முகத்தைப் பாருங்கள், பேருக்கும் முகத்துக்கும் எவ்வளவு தூரம் என்று. இத்தாலியில் விஸ்கோந்தி 1948-ல் சிசிலித் தீவின் மீனவர்களையே நடிக்கவைத்து, அவர்கள் பேச்சையே பேசவிட்டு, ‘லா டெர்ரா டிரெமா’ எடுத்தார். மற்ற இத்தாலியர்களுக்கே அந்தப் பேச்சு புரியவில்லையாம். புரியாவிட்டால் போகிறது, முகம் புரிந்தது என்பார் நண்பர்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு காமிராக்காரர்களை நான் குறை சொல்லிக்கொண்டிருப்பது யோக்கியமில்லை. அன்றிரவு அறைக்கு வந்ததும் என் கதையை எடுத்துப் படித்தேன். அந்தத் தாயை நான் எப்படி எழுதியிருக்கிறேன்? ‘கருங்கல்லில் செதுக்கிய சிலைபோல் நின்றாள்.’ ஒரே வரி. அவள் மூக்கு எப்படி, கன்னத்தில் மச்சம் உண்டா, எந்தப் பக்கத்துப் பல் விழுந்திருக்கிறது என்று எதுவும் இல்லை. பட்டணத்துப் பெண்களைப் பற்றி எழுதும்போது காதோர மயிருக்குக்கூட அரைப் பக்கம் ஒதுக்குகிறவன் நான். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தியைக் கறுப்பு என்று எழுதினால், ‘ஆனாலும் களையான முகம்’ என்று அடுத்த வரியிலேயே சேர்க்காமல் என் பேனா நகர்ந்ததில்லை. அந்த ‘ஆனாலும்’ எங்கிருந்து வந்தது? என் பேனாவுக்கும் ஒரு துவாரம் உண்டு; அதை யாருக்காகத் திறந்து வைத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை நண்பர் அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும் என்றார். தயாரிப்பு நிர்வாகி முகம் சுளித்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. “கடல் நன்றாக விழத்தானே சார் இவ்வளவு தூரம் வந்தோம்? முகத்தைச் சென்னையிலேயே எடுத்திருக்கலாமே?” மாலையில் எடுத்தால் என்ன என்றார் டைரக்டர். மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் போய்விடும். வெளிச்சம் நேராக முகத்தில் விழும். கடலும் நீலமாக இருக்கும். சுலபமான வழிதான். ஆனால் மாலையில் கரையில் ஏலம் ஏது? மீன் ஏது? எல்லாம் காலையோடு முடிந்த விவகாரம். காலி மணலில் கூடையோடு அவளை நடக்கவிட்டால் முகம் நிஜமாக இருக்கும், நடை பொய்யாகிவிடும். அப்புறம், அவளுக்கும் மாலையில் வேறு வேலை இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை, அவளே சொன்னாள்.

ரிஃப்ளெக்டரைப் பிடித்துப் பார்த்தார்கள். வெள்ளித் தகடு ஒட்டிய பலகை. வெயிலை வாங்கி முகத்தில் அடித்தது. முகம் பளிச்சென்று வந்தது. ஆனால் பாட்டிக்குக் கண் கூசித் தண்ணீராய்க் கொட்டியது. “தம்பி, கண்ணு ஆப்பரேசன் பண்ணுன கண்ணு. இது குத்துதுல்லா” என்றாள். நண்பர் ஓடிப்போய்ப் பலகையைத் தாமே திருப்பினார். முகம் தெரியவேண்டுமென்று அவள் கண்ணைக் குத்துவதா என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் என்னைப் பார்த்து, “சார், பையில் மாற்று வேட்டி இருக்கிறதா?” என்றார்.

இருந்தது. சலவை மடிப்புக் கலையாத எட்டு முழம். அதற்கு ஒரு சரித்திரமே இருப்பதைப் பிறகு சொன்னார். 1956-ல் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்காகக் காசி வீட்டு முற்றம் ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவில் கட்டினார்கள். அந்த மாதிரி முற்றத்தில் வெளிச்சம் மேலேயிருந்து மெத்தென்று இறங்கும்; ஸ்டூடியோ விளக்கு அப்படி விழாது. சுப்ரத மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அதன்மேல் அடித்து, துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் படம் எடுத்தார். அவருக்கு அப்போது வயது 25. முந்தின வருஷம் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’யை ஆரம்பித்தபோது சினிமாக் காமிராவை அவர் தொட்டதே இல்லை.

உவரிக் கரையில் என் வேட்டியை இரண்டு பையன்கள் நாலு முனையிலும் இழுத்துப் பிடித்தார்கள். காற்று அதைப் பாய்போல உப்பவைத்தது. “ஏ மக்கா, விட்றாத, கன்னியாகுமரிக்குப் போயிரும்” என்று யாரோ கத்தினார்கள். பாட்டிக்குப் பக்கவாட்டில், காமிராவுக்குப் படாமல், அவளோடு கூடவே அவர்கள் நடந்தார்கள். துணியில் பட்டுத் திரும்பிய வெயில் அவள் முகத்தில் மோர்போல் இறங்கியது. கண் கூசவில்லை. நண்பர் துவாரத்தை இன்னும் கொஞ்சம் திறந்தார். கடல் பாதி வெளுத்துப்போயிற்று. நேற்றைய வெள்ளிப் பிரவாகமும் தனித்தனி நுரையும் இல்லை. கடல் என்று ஒன்று பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. முன்னால் ஒரு முகம் வந்தது. நெற்றியில் மூன்று கோடு, இடது காதில் தோடு இழுத்து நீண்ட துளை, வலது புருவத்தின் குறுக்கே பழைய தழும்பு ஒன்று. கறுப்புத்தான். ஆனால் அந்தக் கறுப்புக்குள் எத்தனை நிறம்! நான் இரண்டு நாளாக அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன்; அந்தத் தழும்பைத் திரையில்தான் பார்த்தேன்.

டைரக்டருக்கு அரை மனசு. நேற்று எடுத்ததுதான் அழகு என்று இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்வது தவறு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. முதல் காட்சி உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

பிறகு சென்னையில் ஒரு கூத்து. இப்போதெல்லாம் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு நிறம் சீர்செய்கிறார்கள். அங்கே வேலை செய்த பையன், கேட்காமலே பாட்டி முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதை மட்டும் கோதுமை நிறத்துக்கு ஏற்றிவிட்டான். நண்பர் பதறிப்போய் இறக்கச் சொன்னார். “முகம் தெரியணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றான் அவன் கள்ளமில்லாமல். வெளிச்சம் வேறு, வெளுப்பு வேறு என்று அவனுக்கு விளக்குவதற்குள் நண்பருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

படம் முடிந்தபின், பாட்டிக்கு வாக்குக் கொடுத்தபடி ஒரு போட்டோ கொடுக்க இருவரும் மறுபடி உவரிக்குப் போனோம். திசையன்விளையில் இறங்கி, அங்கே ஒரு ஸ்டூடியோவில் அந்தக் காட்சியிலிருந்து ஒரு படத்தைப் பெரிதாகப் பிரதி போடக் கொடுத்தோம். காப்பி சாப்பிட்டு வருவதற்குள் தயாராகிவிட்டது. கடைக்காரர் எங்கள்மேல் உள்ள மரியாதையில் தம் கைவண்ணத்தையும் காட்டியிருந்தார். பாட்டி மாம்பழ நிறத்தில் இருந்தாள். நெற்றிக் கோடுகளைக் காணோம். புருவத் தழும்பைக் காணோம். நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோபித்துப் பயனில்லை, ஊரிலுள்ள கல்யாணப் படம், கருமாதிப் படம் எல்லாவற்றுக்கும் அவர் செய்கிற சேவைதான் அது. மறுபடியும், எதையும் தொடாமல் இன்னொன்று போட்டுத் தரும்படி கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டோம். முதல் பிரதிக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார்.

பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினாள். இரண்டு பிரதியும் ஒரே உறைக்குள் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பேரப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மாம்பழ நிறப் படத்தை எடுத்து, சுவரில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் சார்த்தி, இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“பாட்டி, அதில்லை… இதுதான் நாங்க எடுத்தது” என்று நண்பர் மற்றதை நீட்டினார். அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்திருந்தது. மூன்று நாள் வெயிலும், வேட்டியும், சுப்ரத மித்ராவும், அந்தக் கம்ப்யூட்டர்ப் பையனோடு போட்ட சண்டையும் அந்தப் படத்துக்குள் இருந்தன.

அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தழும்பை விரலால் ஒரு தடவை தொட்டாள், படத்திலுள்ளதை இல்லை, தன் புருவத்தில் இருந்ததை.

“இது என்னயப் போலல்லா இருக்கு” என்றாள். “இது எனக்கு எதுக்குத் தம்பி? வீட்டுல கண்ணாடி கெடக்கே. நீயே வச்சுக்கோ.”

நண்பர் ஒன்றும் பேசவில்லை. அவள் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போனாள். பேரன் ஒருவன் அந்தப் படத்தை எட்டிப் பார்த்து, “இதுல ஆச்சி ஏலம் கேக்கப் போற மாதிரியே இருக்கா” என்றான். அந்தப் பிரதி இப்போது என் மேஜைமேல் இருக்கிறது.